ஒற்றை ஆளுக்கு ஒரு 'தே'

இங்கே கூடியிருப்பவர்களில் பலர் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறவர்கள். அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். 'யாரோ தங்கள் குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்' என்பதை 'சம்ஒன் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா' என்று ஒரு பிள்ளை எழுதினால், 'யாரோ' என்னும் 'சம்ஒன்' ஒருமை, 'அவர்களுடைய' என்னும் 'தேர்' பன்மை என்று சொல்லிச் சிவப்பு மையால் சுழிக்கிறீர்களா? தயவுசெய்து சுழிக்காதீர்கள்.

ஆள் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது, 'அவர்கள்' என்னும் 'தே'யைச் சொல்வது நேற்று வந்த பழக்கம் இல்லை. 14ஆம் நூற்றாண்டு எழுத்திலேயே இருக்கிறது. ஷேக்ஸ்பியரிடம் உண்டு, ஜேன் ஆஸ்டினிடம் தாராளமாக உண்டு. 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள்தான் 'ஹி' என்றே எழுது, அது பெண்ணையும் சேர்த்துக்கொள்ளும் என்றார்கள். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டங்களின் வாசகத்துக்கு அதையே விதியாக்கியது. நாம் படித்ததும் அந்த 'ஹி'தான். பேச்சிலோ மக்கள் 'தே'யை விடவே இல்லை.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த சாட்சி 'யூ'. அதுவும் ஒரு காலத்தில் பன்மைதான். ஒருவரிடம் பேச 'தவ்' இருந்தது. முதலில் மரியாதைக்காகப் பெரியவர்களை 'யூ' என்றார்கள், அப்புறம் எல்லோரையும். குவேக்கர் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ், ஒரே ஆளைப் பன்மையில் அழைப்பது தவறு என்று 1660இல் இன்னும் இருவரோடு சேர்ந்து ஒரு புத்தகமே வெளியிட்டார். 'யூ' நின்றது, 'தவ்' போனது. இன்றும் ஒருவரிடம் 'யூ ஆர்' என்கிறோமே தவிர 'யூ இஸ்' என்பதில்லை. பழைய பன்மை வினையில் தங்கிவிட்டது.

தமிழருக்கு இதில் விளங்காதது என்ன இருக்கிறது? 'யாரோ கதவைத் தட்டுகிறார்கள்' என்கிறோம். வெளியே நிற்பது ஒருவர்தான். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், இலக்கண நெறி அல்ல என்கிறது தொல்காப்பியம். விதியில் இல்லாததையும் வழக்கில் உண்டு என்று பதிவு செய்த அந்த நேர்மை பெரிது.

இப்போது நடப்பது அடுத்த கட்டம். பெயரும் முகமும் தெரிந்த ஒருவருக்கும் 'தே' வருகிறது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் தங்களை வைத்துக்கொள்ளாத பலர், தங்களை 'தே' என்று குறிப்பிடச் சொல்கிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இல் இந்தப் பொருளைச் சேர்த்தது, அந்த ஆண்டின் சொல்லாகவும் 'தே'யைத் தேர்ந்தது. அதே ஆண்டு வந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு, ஆய்வுக் கட்டுரைகளிலேயே அதை ஏற்றது. பழகும்வரை நாக்கு தடுமாறும், சரி. அதற்காக ஒரு மனிதர் தனக்கென்று கேட்கும் சொல்லை மறுக்க நமக்கு உரிமை இல்லை.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. 'யுவர்செல்ஃப்' ஒருவருக்கு, 'யுவர்செல்வ்ஸ்' பலருக்கு என்று 'யூ' பிரித்துக்கொண்டது. 'தே'க்கு 'தெம்செல்ஃப்', 'தெம்செல்வ்ஸ்' இரண்டுமே ஒருவருக்குப் புழங்குகின்றன. விடைத்தாளில் எது வந்தாலும் மதிப்பெண் கொடுங்கள்.