இன்னும் ஒரே ஒரு தடவை, மாமா

வணக்கம் நேயர்களே. மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து வந்திருக்கிறேன். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிப் பல வருஷமாகிறது. எங்கள் வாய்க்கு என்னவோ பழைய பெயர்தான் வருகிறது. அங்கே மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். வீடியோ கேம் பற்றிப் பேச பட்டறைக்காரனா என்று சிரிக்காதீர்கள். பகலில் ஸ்பேனர், ராத்திரியில் கண்ட்ரோலர். இருபது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

கஷ்டமான ஆட்டத்தை எப்போது நிறுத்துவது என்று கேட்டு என்னை அழைத்திருக்கிறார்கள். எத்தனை தடவை தோற்றோம் என்பதை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. எப்படித் தோற்றோம் என்றுதான் பார்ப்பேன்.

போன பள்ளி விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். எல்டன் ரிங் ஆடினான். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்து 2022இல் வந்த ஆட்டம். அதில் கோட்டைக்குப் போகும் பாலத்தை மறித்துக்கொண்டு மார்கிட் என்று கொம்பு முளைத்த ஒருவன் நிற்பான். தடியை ஓங்குவான், நாம் பதறி உருளுவோம். அவனோ ஓங்கிய கையை அப்படியே வைத்திருந்து, நாம் உருண்டு எழும் நேரம் பார்த்து இறக்குவான். நம் அவசரத்தை அறிந்தே செய்து வைத்திருக்கிறார்கள், பாவிகள்.

முதல் ஒரு மணி நேரம் பையன் விதவிதமாகச் செத்தான். ஒரு தடவை மார்கிட் வீசிய கத்தியில், ஒரு தடவை சுத்தியலில், ஒரு தடவை தானே பாலத்திலிருந்து கீழே விழுந்து. நான் ஒன்றும் சொல்லவில்லை, அது படிப்பு. பன்னிரண்டு மணிக்கு மேல் பார்த்தால், ஏழு தடவையும் அதே ஓங்கிய தடியில்தான் விழுகிறான். கட்டைவிரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

“போதும்டா, படு.”

“இன்னும் ஒரே ஒரு தடவை, மாமா. ஆறாயிரம் ரூன் உள்ளே கிடக்கு.”

ரூன் என்பது அந்த ஆட்டத்தின் காசு. செத்தால் செத்த இடத்திலேயே கிடக்கும்; அதை எடுப்பதற்குள் மறுபடி செத்தால், போனது போனதுதான். ஆளை எழுந்திருக்கவிடாமல் பிடித்து வைப்பது மார்கிட் இல்லை, அந்த ஆறாயிரம். இல்லாத காசுக்காக ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறோம், பாருங்கள்.

சத்தம் கேட்டு என் அம்மா எழுந்து வந்துவிட்டார். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். “மரத்தையே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவோம். தினமும் கத்தி வச்சா பட்டை காய்ஞ்சு பால் நின்னுடும். பிள்ளை கையைப் பாருடா” என்றார். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். கேம் கருவியை அப்படி அணைக்கக்கூடாது, ஆனால் அம்மாவிடம் யார் சொல்வது?

தூங்கப் போவதும் பயிற்சியில் சேர்த்திதான். 2002இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் சிலருக்கு விசைப்பலகையில் ஒரு விரல் வரிசையைப் பழக்கினார்கள். இடையில் பயிற்சியே இல்லாமல், ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததும் வேகம் சுமார் 20 விழுக்காடு கூடியிருந்தது. மறுநாள் காலையில் எங்கள் பையன் ஜெயிக்கவில்லை. ஆனால் தடி ஓங்கியபோது உருளாமல் நின்றான். அதன்பின் தெற்குப் பக்கம் போய்ச் சுற்றிப் பலம் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னேன். அந்த ஆட்டம் அதற்கு இடம் கொடுக்கும். இரண்டு நாள் கழித்து மார்கிட் விழுந்தான்.

எல்லா ஆட்டமும் அப்படிச் சுற்றிவர விடாது. செகிரோ என்று 2019இல் அதே நிறுவனம் விட்டது. அதில் கத்தியைக் கத்தியால் தட்டக் கற்றுக்கொள்ளாமல் மேலே போக முடியாது. கடைசியில் வரும் இஷின் என்ற கிழவனிடம் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். முதல் வாரம் பட்டறையில் செயின் மாட்டும்போதுகூட, ‘அந்த அடிக்கு இடது பக்கம் போனால்?’ என்று மனசு ஓடும். அந்த மாதிரி ஓடினால் சும்மா இடைவேளை விட்டால் போதும். மூன்றாவது வாரம் கண்ட்ரோலரைப் பார்த்தாலே தோள் இறுகியது. இருநூறு வெள்ளி கொடுத்தோமே என்பதற்காக மட்டும்தான் உட்கார்ந்தேன். டிஸ்கை எடுத்து மேசை டிராயரில் போட்டுவிட்டேன். வெட்கமில்லை.

சுலபமாக்கி ஆடுவதற்கும் வெட்கப்பட வேண்டாம். 2018இல் வந்த செலஸ்ட் என்ற ஆட்டத்தில் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே ஆடலாம். செய்தவர்களே அந்த வசதியை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒரு ராத்திரி கண் விழித்தான் என்பதற்காகப் பிள்ளைக்கு நோய் என்று முடிவு கட்டாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் ஆட்டக் கோளாறு என்று சொல்வது வேறு: ஆட்டம் கைமீறிப்போய், படிப்பும் வீடும் கெட்டும் விடமுடியாமல், வழக்கமாக 12 மாதமாவது தொடர வேண்டும். அப்படி இருந்தால் பிளக்கைப் பிடுங்குவது போதாது, மருத்துவரிடம் போங்கள்.

பையன் ஊருக்குக் கிளம்பும்போது டிராயரைத் திறந்து அந்த டிஸ்கைப் பார்த்துவிட்டான்.

“மாமா, அந்தக் கிழவனை நான் அடிச்சுக் காட்டவா?”

“எஸ்பிஎம் பரீட்சை முடியட்டும், கொண்டு போ” என்றேன். இன்னும் டிராயரில்தான் இருக்கிறது.