தங்கத்தின் வயது தெரியணுமா? காக்காப்பொன்னைக் கேளுங்கள்!

[கடலூர், தேவனாம்பட்டினம். காலை வெயில். கேமரா மணலை ஒட்டி.]

இது சில்வர் பீச். பெயரில் மட்டும்தான் சில்வர். ஆனால் இந்த ஒரு பிடி மணலைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். மினுக்கென்று ஒரு சின்னத் தகடு தெரிகிறதா? சின்ன வயதில் இதைத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்து, தங்கம் என்று என் தங்கையை நம்ப வைத்திருக்கிறேன். காக்காப்பொன். கடைக்காரர் பாஷையில் மைக்கா. அடகுக்கடையில் நீட்டினால் சிரிப்பார்கள்.

ஆனால் உலகத்தில் எத்தனையோ தங்கச் சுரங்கங்களுக்கு ஜாதகம் எழுதிக் கொடுத்தது இந்தக் காக்காப்பொன்தான். ஏனென்றால் தங்கத்துக்குத் தன் பிறந்த தேதி தெரியாது!

[திருப்பாதிரிப்புலியூர், ஒரு நகைப் பட்டறை]

இங்கே பத்தர் ஒருவரிடம் கேட்டேன். “அண்ணே, இந்த மோதிரத்துக்கு என்ன வயசு?” “மோதிரத்துக்கா? போன மாசம் அடிச்சது. தங்கத்துக்குக் கேட்டீன்னா, அது எந்தப் பாட்டி காதுல கிடந்ததோ, யாருக்குத் தெரியும் தம்பி.”

அறிவியலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. பாறையின் வயதைக் கணிக்க, தானாகச் சிதையும் அணு ஒன்று உள்ளே இருக்க வேண்டும். அதுதான் கடிகாரம். இயற்கையில் கிடைக்கும் தங்கம் ஒரே வகை: 79 புரோட்டான், 118 நியூட்ரான். சிதையாது. வெள்ளியில் இரண்டு வகை உண்டு, அவையும் சிதையாது. உரைகல் தரத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. (தங்க அணு எங்கே பிறந்தது, நியூட்ரான் நட்சத்திரம் மோதியதா, அது தனி வீடியோ. இங்கே கேள்வி, தாது எப்போது படிந்தது என்பது மட்டும்.)

சரி, எப்படிப் படிகிறது? பூமிக்குள் சூடான நீர் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு பாறை விரிசலில் ஏறும். சூடோ அழுத்தமோ குறைந்தால் இறக்கி வைத்துவிடும். போகிற போக்கில் விரிசலின் இரு பக்கச் சுவரையும் வேக வைக்கும். அந்த வேக்காட்டில்தான் புதுசாகக் காக்காப்பொன் விளைகிறது. கல்யாணத் தேதி மறந்தால், அன்றைக்கு எதிர்வீட்டில் பிறந்த குழந்தையின் வயதைக் கேட்போமே, அந்தக் கதைதான்.

[கோலி சோடா பாட்டில், மேசைமேல்]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். அவசரப்படாமல் பாருங்கள்.

காக்காப்பொன்னில் பொட்டாசியம் உண்டு. இளநீரில் இருக்கிறதே, அதேதான். பத்தாயிரம் பொட்டாசியம் அணுவில் ஒன்று, பொட்டாசியம்-40 என்ற வகை. அது மெல்லச் சிதையும். பாதி தீர 125 கோடி ஆண்டுகள். சிதைவதில் நூற்றுக்குச் சுமார் 11 ஆர்கான் வாயுவாகிறது, மீதி கால்சியம். உங்கள் உடம்பிலும் இது நடக்கிறது. எழுபது கிலோ ஆளுக்குள் நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைகின்றன. பயப்படாதீர்கள், பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

ஆர்கான் யாரோடும் சேராத வாயு. பாறை சூடாக இருக்கும்வரை நழுவி ஓடிவிடும். சுமார் 400 டிகிரிக்குக் கீழே ஆறியதும் வெளியே போக வழியில்லை. கழுத்தில் கோலி வந்து உட்கார்ந்துவிட்டது! அன்றிலிருந்து கேஸ் சேர்ந்துகொண்டே போகும். கோடி ஆண்டு கழித்து ‘டப்’ என்று திறந்து, எவ்வளவு கேஸ், எவ்வளவு பொட்டாசியம் மிச்சம் என்று அளந்தால் வயது வந்துவிடும்.

ஆனால் நடுவில் எரிமலை ஏதாவது சூடாக்கி, கோலியைத் தட்டிவிட்டிருந்தால்? கேஸ் போயிருக்கும், பாறை வயதைக் குறைத்துச் சொல்லும். இதைப் பிடிக்க ஒரு தந்திரம். கல்லை முதலில் அணு உலைக்குள் வைத்து, பொட்டாசியத்தில் ஒரு பங்கை ஆர்கான்-39 ஆக மாற்றிவிடுவார்கள். இப்போது உள்ளே சேர்ந்த கேஸ், பொட்டாசியத்தின் கணக்கு இரண்டுமே வாயு, ஒரே கருவியில் அளக்கலாம். பிறகு லேசரால் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் வரும் வாயுவைத் தனித்தனியாகக் கணக்கெடுப்பார்கள். எல்லாப் படியும் ஒரே வயதைச் சொன்னால் சாட்சி நம்பலாம். ஆளுக்கொன்று சொன்னால், நடுவில் யாரோ கோலியைத் தட்டியிருக்கிறார்கள்.

வேறு கடிகாரங்களும் உண்டு: மோனசைட் என்ற கனிமத்தில் யுரேனியம் ஈயமாவது, மாலிப்டினைட் என்ற கனிமத்தில் ரேனியம் என்ற உலோகம் ஆஸ்மியம் என்ற இன்னொரு உலோகமாவது.

இந்த ரேனியம் தென்னாப்பிரிக்காவில் ஒரு வம்பை இழுத்தது. விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கத்துக்குள்ளேயே நுண்ணிய அளவில் ரேனியம், ஆஸ்மியம் இருந்தது. 2002-இல் அளந்தார்கள். சுமார் 303 கோடி ஆண்டு என்று வந்தது. தங்கத்தைச் சுற்றியுள்ள படிவுப் பாறைக்கோ 290 கோடிகூட நிறையவில்லை. குடியிருப்பவர் வீட்டைவிட மூத்தவர்! அப்படியானால் பழைய மலையிலிருந்து ஆறு அரித்துக் கொண்டுவந்த தங்கம் என்கிறது ஒரு கட்சி. பின்னால் வெந்நீர் கொண்டுவந்தது என்ற எதிர்க்கட்சியும் உண்டு. என் ஓட்டு ஆற்றுக்குத்தான். பெண்ணையாறும் கெடிலமும் மணல் கொட்டும் ஊர்க்காரன் வேறு எப்படிப் போடுவான்?

நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த கோலார் தங்கம் சுமார் 250 கோடி ஆண்டு. பொலிவியாவின் பொட்டோசி வெள்ளி மலை அதற்குமுன் பச்சைக் குழந்தை, ஒன்றரைக் கோடிகூட இல்லை.

[வரைபடம்: பப்புவா நியூ கினி]

கடைசியாக லிஹிர் தீவு. எரிமலை வாய்க்குள் இருக்கும் தங்கச் சுரங்கம், தரை இன்னும் கொதிக்கிறது. ஆழத்து வெந்நீரை எடுத்து அளந்து, ஆண்டுக்கு 24 கிலோ தங்கம் ஏறி வருகிறது என்று 2006-இல் கணக்கிட்டார்கள். அந்த வேகத்தில் அங்கிருக்கும் மொத்தத் தங்கமும் சேர வெறும் 55,000 ஆண்டு போதும். 24 கிலோ என்றால் 3,000 பவுன். செய்கூலி, சேதாரம் எதுவும் இல்லாமல்!

உங்கள் ஊரில் கோலி சோடா இன்னும் கிடைக்கிறதா? கடை எங்கே என்று கமெண்டில் போடுங்கள். இந்த பாட்டிலைத் தேடி எடுப்பதற்குள் எனக்கு மூன்று நாள் போய்விட்டது.