அந்தக் காலக் காதலுக்கு யார் முகம்?

நேயர்களுக்கு வணக்கம்.

இந்திப் படங்களில் அந்தக் காலக் காதலும் இந்தக் காலக் காதலும் என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் விமர்சகர் இல்லை. பம்பாய் மாட்டுங்காவில் வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாட்டுங்காவில் தமிழ்ப் படம் போட அரோரா தியேட்டர் இருந்தது. அதை விட்டால் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் இந்திதான். படிக்க வேண்டிய நேரத்தில் பார்த்த படங்கள்தான் என் மூலதனம். சினிமாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் என் அத்தை. கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்தாள். இந்த உரையில் அவள் அடிக்கடி வருவாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009இல் இம்தியாஸ் அலியின் ‘லவ் ஆஜ் கல்’ வந்தது. ஆஜ் என்றால் இன்று, கல் என்றால் நேற்று. பெயரிலேயே நம் தலைப்பு இருக்கிறது. லண்டனில் ஜெய், மீரா என்று ஒரு ஜோடி. ஒருவருக்கு ஓர் ஊரில் வேலை, மற்றவருக்கு வேறு ஊரில் வேலை. சரி, பிரிந்துவிடலாம் என்று பேசி முடிவெடுத்து, அதற்கு ஒரு பார்ட்டியும் வைக்கிறார்கள். அந்த ஜெய்க்கு, ஓட்டல் நடத்தும் வீர் சிங் என்ற பெரியவர், ரிஷி கபூர், தன் காதலைச் சொல்கிறார். அறுபதுகளின் டெல்லி. ஹர்லீன் என்ற பெண்ணைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவாகிவிடுகிறது. அவள் குடும்பம் கல்கத்தாவுக்குப் போனதும் ரயிலேறிப் பின்னாலேயே போகிறார். மாடியில் நிற்கிறவளைப் பார்ப்பதற்காக.

பார்க்கிற நமக்கு என்ன தோன்றும்? அடடா, அது காதல், இது என்ன காதல் என்று தோன்றும். படம் அதைத்தான் விரும்புகிறது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இளவயது வீர் சிங்காக வருவதும் ஜெய்யாக நடித்த அதே சைஃப் அலி கான்தான், தலைப்பாகை மட்டும் கூடுதல். ஹர்லீனாக நடித்தவர் பிரேசில் நாட்டுப் பெண். படத்தில் அவர் வாய் திறப்பதே அபூர்வம். ஆக, அந்தக் காலத்து ஆணுக்கு நம் முகத்தையே மாட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெண்ணுக்குப் பேச்சே வைக்கவில்லை.

இதே இயக்குநர் 2020இல் இதே பெயரில் இன்னொரு படம் எடுத்தார். அதிலும் ஒரு பெரியவர் பழைய கதை சொல்கிறார், அதிலும் இரண்டு காலத்துக்கும் ஒரே நடிகர், கார்த்திக் ஆர்யன். ஆனால் அந்தக் கதையில் ‘அந்தக் காலம்’ எது தெரியுமா? 1990. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1990இல் எங்கள் காலனிப் பிள்ளைகளைப் பார்த்து, ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு என்ன தெரியும் காதலைப் பற்றி’ என்று பெரியவர்கள் அலுத்துக்கொண்டதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். பதினோரு வருஷத்தில் அந்தக் காலம் ஏறத்தாழ இருபத்தைந்து வருஷம் நகர்ந்து வந்துவிட்டது.

அறுபதுகளின் நிஜமான படம் ஒன்றுக்குப் போவோம். ‘சங்கம்’, 1964. ராஜ் கபூர், ராஜேந்திர குமார், நம் திருவல்லிக்கேணி வைஜயந்திமாலா. ‘போல் ராதா போல்’ பாட்டு தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ராதா ஆற்றில் குளிக்கிறாள். சுந்தர் மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டு, ‘சங்கமம் நடக்குமா நடக்காதா, சொல்லு’ என்று பாடிப் பாடிக் கேட்கிறான். அவள் மாட்டேன் மாட்டேன் என்கிறாள். கடைசியில் தொல்லை தாங்காமல், ‘நடக்கும் நடக்கும்’ என்று கத்துகிறாள். அந்த ‘நடக்கும்’தான் படத்தில் அவளிடம் வாங்கிய சம்மதம்! அவள் மனசு இன்னொருவனிடம், கோபாலிடம். கோபாலுக்கும் அவள் மேல் உயிர். ஆனால் நண்பன் ஆசைப்பட்டுவிட்டான் என்பதால் கோபால் தன் காதலை எடுத்து நண்பனுக்குக் கொடுத்துவிடுகிறான், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுக்கிற மாதிரி. ராதாவிடம் யாரும் கேட்கவில்லை. தியேட்டரில் நட்பைப் பார்த்து அழுதார்கள். பாட்டுகள் அமிர்தம், மறுக்கவில்லை. இன்றைக்கும் சமையலறையில் முணுமுணுக்கிறேன். ஆனால் அந்தக் காலக் காதல் புனிதமானது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அந்த மரக்கிளை ஞாபகம் வந்துவிடுகிறது.

இப்போது 1974. நான் மிகவும் நேசிக்கிற படம், ‘ரஜனிகந்தா’. பாசு சாட்டர்ஜி இயக்கியது. பிளிட்ஸ் பத்திரிகையில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். கதை மன்னு பண்டாரி என்ற இந்தி எழுத்தாளருடையது. கதையின் தலைப்புக்கு ‘இதுதான் நிஜம்’ என்று பொருள். கதையில் கான்பூரும் கல்கத்தாவும், படத்தில் டெல்லியும் பம்பாயும். ரஜனிகந்தா வேறொன்றுமில்லை, நம் பூக்கடையில் கிடைக்கிற நிலசம்பங்கிதான்.

தீபா டெல்லியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள், வித்யா சின்ஹா. அவளுக்கு சஞ்சய் என்று ஒரு சிநேகிதன், அமோல் பாலேகர். இந்தியில் அவருக்கு அதுதான் முதல் படம். நிஜ வாழ்க்கையிலும் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர், அதனால் எங்கள் வங்கிக்காரர்களுக்கு அவர் மேல் ஒரு சொந்தம். சஞ்சய் நல்லவன். ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்ததே கிடையாது. வந்தால் ஆபீஸ் கதை, பிரமோஷன் கதை. கையில் மட்டும் மறக்காமல் சம்பங்கிக் கொத்து. பம்பாயில் ஒரு கல்லூரியிலிருந்து தீபாவுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வருகிறது. போகிறாள். அங்கே பழைய காதலன் நவீன். விளம்பரத் துறையில் இருக்கிறான். நேரம் தவறாமல் வருகிறான், அவளுக்காக எல்லா ஏற்பாடும் செய்கிறான். பழைய கதையை மட்டும் எடுக்கவே மாட்டேன் என்கிறான்.

டாக்சிப் பயணம் ஒன்று வரும். பின்சீட்டில் இரண்டு பேர். வெளியே பம்பாய் ஓடுகிறது. பின்னணியில் முகேஷ் குரல், ‘கயீ பார் யூன் பி தேகா ஹை’. யோகேஷ் எழுதி சலில் சவுத்ரி இசையமைத்த பாட்டு, முகேஷுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. மனசு போட்ட கோட்டைத் தாண்டி மனசே ஓடுகிறது என்கிற மாதிரி வரிகள். திரையில் நடப்பது ஒன்றுமே இல்லை. அவன் தொடமாட்டானா என்று அவள் நினைப்பதும், அவன் தொடாமல் உட்கார்ந்திருப்பதும், இருவருக்கும் நடுவே இருக்கிற ஒரு சாண் இடமும்தான் காட்சி. எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. ஒன்றும் புரியவில்லை, பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் அத்தை மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஒரு பெண் ஒரே சமயத்தில் இரண்டு ஆண்களை நினைக்கிறாள். கதை அவளைத் தண்டிக்கவில்லை. யாரும் விஷம் குடிக்கவில்லை, மலையிலிருந்து குதிக்கவில்லை. டெல்லிக்குத் திரும்பி நவீனின் கடிதத்துக்காகத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடிதம் வருகிறது. வேலை கிடைத்துவிட்டது, வாழ்த்துகள் என்று நாலு வரி. வேறொன்றும் இல்லை. அந்த நேரத்தில் வாசலில் சஞ்சய், கையில் சம்பங்கி. படம் முடிகிறது. அந்த வருஷத்துச் சிறந்த படம் என்று பிலிம்பேர் விருதும் கிடைத்தது. இம்தியாஸ் அலி 2009இல் இந்தக் காலத்து வியாதி என்று காட்டிய அதே மனத்தடுமாற்றம், வேலைக்காக ஊர் மாறுவது, யாரை விடுவது என்று தெரியாமல் தவிப்பது, எல்லாம் 1974லேயே வாயல் புடவை கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது லோக்கல் ரயிலில் அத்தையைக் கேட்டேன், அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன்தானே நன்றாக இருக்கிறான் என்று. அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “இவன் லேட்டா வந்தாலும் வரானோல்லியோடி.” அந்த வருஷம்தான் தாத்தா அவளுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை அத்தை மொத்தம் மூன்று தடவை பார்த்தாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளுக்கு வருவோம். ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’, 1995 அக்டோபர். மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே மராட்டா மந்திர் தியேட்டரில் ஆயிரம் வாரத்தைத் தாண்டி ஓடிய படம். காலை 11.30 மணிக் காட்சிக்கு நானும் ஒருமுறை போனேன், வெளியான பல வருஷத்துக்குப் பிறகு. ரயில் ஏறுவதற்கு நேரம் இருக்கிறவர்கள், மூட்டை முடிச்சோடு வந்தவர்கள், வசனத்தை ஷாருக் கானுக்கு முன்னால் தாங்களே சொல்லிவிடுகிறவர்கள் என்று அரங்கம் கலகலவென்று இருந்தது.

லண்டன் பையன் ராஜ், தோல் ஜாக்கெட், ஐரோப்பா சுற்றுலா என்று பார்த்தால் இதைவிட நவீனமான காதல் இல்லை. உள்ளே பழசிலும் பழசு. அவன் காதலி சிம்ரனின் அம்மா நகை மூட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, ‘ஓடிப்போய்விடுங்கள்’ என்கிறாள். ராஜ் மறுக்கிறான். அப்பா சம்மதித்து, அவர் கையால் பெண்ணைத் தந்தால்தான் அழைத்துப் போவேன் என்கிறான். தியேட்டரே கைதட்டியது. எனக்கு அந்த அம்மா மேல்தான் கண். ஃபரீதா ஜலால். அதற்கு முன்பே ஒரு காட்சியில் மகளிடம் சொல்லியிருப்பாள்: நான் செய்த தியாகங்களை நீ செய்ய வேண்டாம் என்று நீ பிறந்தபோது எனக்குள் சத்தியம் செய்துகொண்டேன், பெண்ணுக்குச் சத்தியம் செய்யக்கூட உரிமையில்லை என்பதை மறந்துவிட்டேன், என்று. மூன்று மணி நேரப் படத்தில் என்னை உலுக்கிய இடம் அது. கடைசியில் ரயில் நகர, அப்பா மகளின் கையை விடுகிறார், அவள் ஓடுகிறாள். கை யாருடைய பிடியில் இருந்தது என்பதைப் பார்த்தால், சங்கத்து ராதாவின் அக்காள் மகள்தான் இந்த சிம்ரன்.

இந்தப் படத்தை எடுத்த யஷ் சோப்ரா குடும்பமே 2004இல் ‘வீர்-ஜாரா’ எடுத்தது. காதலிக்காக ஒருவன் பாகிஸ்தான் சிறையில் இருபத்திரண்டு வருஷம் வாய் திறக்காமல் இருக்கிறான். அந்தப் படத்துக்குப் புது மெட்டு போடவில்லை. 1975இல் காலமான மதன் மோகன் பயன்படுத்தாமல் விட்டுப்போன மெட்டுகளைத் தேடியெடுத்து, அதன் மேல் ஜாவேத் அக்தரை எழுதவைத்தார்கள். பழைய காதல் வேண்டுமென்றால் பழைய மெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. மணமென்னவோ நன்றாகத்தான் இருந்தது, ஜவ்வாது போட்டு வைத்த பட்டுப்புடவை மாதிரி. தினசரிக்கு உடுத்த முடியுமா என்பது வேறு விஷயம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த படங்களை வேகமாகத் தாண்டுகிறேன். சேர்ந்து வாழ்வது, பிரிவது, திரும்பச் சேர்வது என்று நிறைய வந்தன. அவற்றில் பாதி சண்டை விமான நிலையத்தில் தீர்ந்துவிடும். ஒன்று மட்டும். 1981இல் ‘சில்சிலா’வில் மணமான இரண்டு பேர் காதலித்து, கடைசியில் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். 2006இல் ‘கபி அல்விதா நா கெஹ்னா’வில் திரும்பவில்லை. இரண்டிலும் அமிதாப் பச்சன் இருந்தார், முதலில் காதலனாக, பிறகு மாமனாராக.

காத்திருப்பு என்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் காத்திருந்தார்கள், இன்றைக்குப் பொறுமை இல்லை என்பது பெரிய குற்றச்சாட்டு. அத்தையிடம் ஒருநாள் இதைச் சொன்னபோது, “காத்துண்டிருக்காம என்ன பண்றது? போன் எங்கேடி இருந்தது?” என்றாள். நியாயம்தான். பம்பாயில் போன் கனெக்‌ஷனுக்கு எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்த காலம் அது.

ஆனால் போன் வந்த பிறகும் ஒருவர் கடிதத்தில் ஒரு காதலை எடுத்தார். ரித்தேஷ் பத்ராவின் ‘லஞ்ச்பாக்ஸ்’, 2013. பம்பாயில் வீட்டுச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் டப்பாக்காரர்கள். இலா என்ற இல்லத்தரசி அவர்கள் மூலம் கணவனுக்குச் சமைத்து அனுப்பும் டப்பா, வழி தவறி சாஜன் ஃபெர்னாண்டஸ் என்பவர் மேஜைக்குப் போகிறது. இர்ஃபான் கான். மனைவியை இழந்தவர், ஓய்வு பெறப்போகிறவர். டப்பா வழித்துத் துடைத்த மாதிரி காலியாகத் திரும்புவதைப் பார்த்து, மறுநாள் அவள் ஒரு சீட்டு எழுதி வைக்கிறாள். அவர் பதில் எழுதுகிறார். அந்த முதல் காதல் கடிதம் என்ன தெரியுமா? அன்புள்ள இலா, இன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு அதிகம். அவ்வளவுதான்.

அதை நானும் அத்தையும் வீட்டில் டிவியில் பார்த்தோம். அத்தைக்கு அப்போது எழுபதை நெருங்குகிற வயசு. “ஆம்படையான் எழுதற லெட்டர் மாதிரியேன்னா இருக்கு” என்று சிரித்தாள்.

பிறகு சிரிக்கவில்லை. இருவரும் ஓர் ஓட்டலில் சந்திப்பதாக ஏற்பாடு. அன்று காலை சாஜன் ஷேவ் செய்துவிட்டு, எதையோ மறந்து குளியலறைக்குத் திரும்பிப் போகிறார். அங்கே தன் தாத்தாவின் வாசனை அடிக்கிறது. தாத்தா குளித்துவிட்டுப் போனால் அடிக்கும் அதே வாசனை. அது தன்னுடையதுதான் என்று ஒரு கணம் கழித்துத்தான் உறைக்கிறது. ஓட்டலுக்குப் போகிறார், தூரத்தில் உட்கார்ந்து அவளைப் பார்க்கிறார், அவள் அத்தனை இளமையாக இருக்கிறாள், எழுந்து கிட்டே போகவில்லை. அவள் தண்ணீராகக் குடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவர்களுக்கு நடுவில் ராஜா இல்லை, அப்பா இல்லை, ஜாதி இல்லை. ஒரு குளியலறை வாசனை இருக்கிறது. அத்தை அந்த இடத்தில் எழுந்து உள்ளே போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

படத்தின் முடிவில் சாஜன் அவள் வீட்டைத் தேடிக் கிளம்புகிறார். லோக்கல் ரயிலில், பஜனை பாடிக்கொண்டு போகும் டப்பாக்காரர்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறார். போய்ச் சேர்ந்தாரா, அவள் அங்கே இருந்தாளா என்று காட்டாமல் படம் முடிந்துவிடுகிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்படி அந்தரத்தில் விட்டுவிட்டால் எப்படி என்றேன்.

அத்தை ரிமோட்டைத் தேடிக்கொண்டே சொன்னாள்: “டப்பாக்காராளோடன்னா போறான். அவா அட்ரஸ் தப்பவே மாட்டாடி.”

கதையே அவர்கள் தப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்ததில்தானே ஆரம்பித்தது என்று வாய் வரைக்கும் வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, காபி போடட்டுமா என்று கேட்டேன்.

வணக்கம்.