ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் அமரர் ஊர்தி வந்த காலம்!

[திரையில்: நீளமான பழைய கறுப்புக் கார். பின்கதவு திறந்திருக்கிறது.]

இந்த வண்டியை நன்றாகப் பாருங்கள். 1960களில் அமெரிக்காவின் பல ஊர்களில் நெஞ்சு வலிக்கிறது என்று போன் செய்தால் வாசலில் வந்து நிற்பது இதுதான். நீங்கள் பிழைக்காமல் போய்விட்டால், உங்களை இடுகாட்டுக்குக் கொண்டுபோக வருவதும் இதே வண்டிதான்.

வணக்கம் மக்களே. நான் கதை விடவில்லை. 1966இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கையிலேயே இது இருக்கிறது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் இறுதிச் சடங்கு நிறுவனத்தார்! ஒரு ஆளைப் படுத்தபடியே ஏற்றும் அளவுக்கு நீளமான வண்டி ஊரில் அவர்களிடம்தான் இருந்தது, அவ்வளவுதான் காரணம். கூரையில் சுழல் விளக்கை வைத்தால் ஆம்புலன்ஸ், கழற்றிவிட்டால் அமரர் ஊர்தி. நோயாளி பிழைத்தால் வண்டி வாடகை, பிழைக்காவிட்டால் பெரிய பில். எப்படிப் பார்த்தாலும் முதலாளிக்கு நஷ்டமே இல்லாத தொழில்.

அதற்கு முந்தைய வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1790களில் டொமினிக் ழான் லாரே என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர், சண்டை முடியும்வரை காத்திருக்காமல் காயம்பட்டவர்களைக் குதிரை வண்டியில் அள்ளிவர ஏற்பாடு செய்தார். 1869இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை நகரத்துக்குள் குதிரை ஆம்புலன்ஸை ஓட்டியது. 1899இல் சிகாகோவில் மோட்டார் ஆம்புலன்ஸ் வந்தது, அதுவும் மின்சாரத்தில் ஓடியது! எலக்ட்ரிக் வண்டியை நேற்று கண்டுபிடித்ததாக நினைப்பவர்கள் கவனிக்கவும். ஆனால் இத்தனை வண்டி மாறியும் பெரும்பாலான ஊர்களில் வேலை மாறவே இல்லை. தூக்கு, ஏற்று, ஓட்டு. சிகிச்சை என்பது மருத்துவமனை வாசலுக்கு அப்புறம்தான்.

[திரையில்: பிட்ஸ்பர்க் நகரத்தின் பழைய தெரு]

இதை மாற்றிய கதைதான் இந்த வீடியோவை எடுக்கவே காரணம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிட்ஸ்பர்க் நகரத்தில் அவசரத்துக்கு வந்தது பெரும்பாலும் போலீஸ் வண்டி. பின்னால் ஒரு ஸ்ட்ரெச்சர் இருக்கும். நோயாளியை அதில் போட்டுவிட்டு இரண்டு போலீஸ்காரர்களும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் கிடப்பவருக்கு மூச்சு இருக்கிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்க ஆளே இல்லை. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே போலீஸைக் கூப்பிடவே மக்கள் தயங்கினார்கள். கூப்பிட்டாலும் வண்டி வரும் என்று நம்ப முடியாது.

1966 நவம்பரில் ஒரு தேர்தல் கூட்டத்தில் டேவிட் லாரன்ஸ் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். இவர் யார்? அந்த நகரத்தின் முன்னாள் மேயர், பென்சில்வேனியா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். அவருக்கும் வந்தது அதே போலீஸ் வண்டிதான். நினைவு திரும்பாமலே அந்த மாதமே இறந்துபோனார். ஆளுநராக இருந்தவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே நகரத்தில் பீட்டர் சஃபார் என்ற மயக்க மருந்து நிபுணர் இருந்தார். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறை வேலை செய்யும் என்று 1950களில் நிரூபித்தவர்களில் ஒருவர். நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுத்து உயிர் காக்கும் முறைக்குச் சிபிஆர் என்று பெயர். அந்தச் சிபிஆரின் தந்தை என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள். அதே 1966இல் அவருடைய சொந்த மகள் ஆஸ்துமா தாக்கி இறந்தாள். உலகத்துக்கு மூச்சு கொடுக்கக் கற்றுக்கொடுத்தவரின் மகள்! மருத்துவமனைக்கு வந்த பிறகு செய்வது போதாது, மருத்துவமனையே தெருவுக்குப் போக வேண்டும் என்பதில் சஃபார் உறுதியாக இருந்தார்.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹில் டிஸ்ட்ரிக்ட்டில் ஃப்ரீடம் ஹவுஸ் என்று ஓர் அமைப்பு. அது செய்துவந்த வேலை என்ன தெரியுமா? ஏழை வீடுகளுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுப்பது. அவர்களோடுதான் சஃபார் கைகோத்தார். 1967இல் அந்தப் பகுதியின் கறுப்பின இளைஞர்களைச் சேர்த்தார்கள். சிலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். சிலர் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். ஊர் இவர்களை ‘வேலைக்கு ஆகாதவர்கள்’ என்று ஒதுக்கி வைத்திருந்தது. இவர்களுக்கு ஏறக்குறைய 300 மணி நேரப் பயிற்சி. உடற்கூறு, மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பது, இதய நிறுத்தம், மருத்துவமனைக்குள்ளேயே நேரடிப் பயிற்சி என்று எல்லாம் உண்டு. வண்டியின் அமைப்பையும் சஃபார் மாற்றினார். நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்ய இடம் வைத்தார். இன்று பல ஆம்புலன்ஸ்களுக்குள் எட்டிப் பார்த்தால் தலைமாட்டில் ஓர் இருக்கை இருக்கும், கவனியுங்கள்.

அந்த நாட்டின் பெரும்பாலான ஊர்களில் தெருவில் கிடைக்காத சிகிச்சை, அந்த நகரத்தின் ஏழைப் பகுதியில் கிடைத்தது. பணக்காரப் பகுதிகளுக்கு அப்போதும் போலீஸ் வண்டிதான்! பின்னர் நான்சி கரோலைன் என்ற இளம் மருத்துவர் இவர்களுக்குத் தலைமை மருத்துவராக வந்தார். இவர்களோடு வண்டியில் போய்ப் பார்த்து அவர் உருவாக்கிய பாடத்திட்டம்தான் அமெரிக்கா முழுவதற்குமான பாராமெடிக் (ஆம்புலன்ஸிலேயே சிகிச்சை தரும் ஊழியர்) பாடத்திட்டத்துக்கு அடித்தளம் ஆனது.

அப்புறம் என்ன ஆயிற்று? பாராட்டு விழாவா? 1975இல் நகர நிர்வாகம் சொந்தமாக ஆம்புலன்ஸ் துறையைத் தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. தொழிலையே உருவாக்கிய பலர் புதிய துறையில் ஓரம் கட்டப்பட்டு வெளியேறினார்கள். படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கும் வந்தால் கமெண்டில் திட்டிவிட்டுப் போங்கள், அனுமதி உண்டு.

[திரையில்: தலையில் ஹெட்செட்டோடு ஒருவர்]

சரி, இன்றைக்கு வருவோம். ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் உதவி தொடங்குகிறது என்று நினைக்கிறோம். ஆனால் போனை எடுப்பவர்தான் முதல் ஊழியர். அவர் கேள்வி மேல் கேள்வி கேட்கும்போது பலருக்கும் ஆத்திரம் வரும். “கேள்வி எல்லாம் அப்புறம், முதலில் வண்டியை அனுப்புங்கள்!” என்று கத்துவார்கள். நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டியைக் கிளப்பும் வேலை பக்கத்தில் நடந்துகொண்டுதான் இருக்கும். எந்த வண்டி, எவ்வளவு அவசரம், உள்ளே என்ன கருவி தேவை என்று முடிவு செய்யத்தான் அந்தக் கேள்விகள்.

ஆகவே முதலில் இடத்தைச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்பது இரண்டாவது. நடுவில் லைன் துண்டிக்கப்பட்டாலும் இடம் தெரிந்தால் வண்டி வந்துவிடும், நோய் மட்டும் தெரிந்து என்ன பயன்? போனில் இருப்பவர் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். இந்தியாவில் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. வெளிநாட்டில் எண் தெரியாமல் மாட்டிக்கொண்டால் கைபேசியில் 112 அடித்துப் பாருங்கள், பல நாடுகளில் அது வேலை செய்யும்.

இப்போது நான் சொல்லப்போவது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. இதயம் நின்றுபோனவர் முதல் சில நிமிடங்களுக்கு மூச்சு விடுவது போலத் தெரியலாம். கரையில் போட்ட மீன் போல வாய் திறந்து திறந்து மூடும். சில நேரம் குறட்டை மாதிரிச் சத்தம்கூட வரும். “மூச்சு இருக்கிறது, ஒன்றும் இல்லை” என்று சுற்றி நிற்பவர்கள் நிம்மதி அடைவது இந்த நேரத்தில்தான். அது மூச்சே இல்லை! அதனால்தான் சில கட்டுப்பாட்டு அறைகளில் போனை எடுப்பவர், “அவர் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் ‘இப்போது’ என்று சொல்லுங்கள்” என்பார். இரண்டு ‘இப்போது’களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அவர் அங்கே கணக்குப் போடுவார்.

கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் இன்னொரு கையை வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பயிற்சி இல்லாதவர்கள் வாய் வைத்து ஊத வேண்டியதில்லை, பெரியவர்களுக்கு அழுத்துவதே போதும். குழந்தைகள், நீரில் மூழ்கியவர்கள் என்றால் மூச்சும் கொடுக்க வேண்டும், எப்படி என்று போனில் இருப்பவர் சொல்வார். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயப்படுவீர்கள். முறியலாம். எலும்பு கூடிவிடும், தொடர்ந்து அழுத்துங்கள். எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. வண்டி வர எட்டு நிமிடம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு வேகமான டிரைவராக இருந்தாலும் அந்த எட்டு நிமிடம் உங்கள் கையில்தான்.

பக்கத்தில் ஏஇடி பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியின் தானியங்கி வகை அது. 1965இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர், ஆம்புலன்ஸில் ஏற்றக்கூடிய முதல் டிஃபிப்ரிலேட்டரை உருவாக்கினார். கார் பேட்டரியில் ஓடிய அதன் எடை 70 கிலோ! அதைத் தூக்கிப் போகிறவருக்கே நெஞ்சு வலி வந்திருக்கும். இன்று மால், ரயில் நிலையம், விமான நிலையச் சுவர்களில் தொங்கும் பெட்டி இரண்டு மூன்று கிலோதான். திறந்தால் அதுவே பேசும், எங்கே ஒட்ட வேண்டும் என்று படம் காட்டும். இதயத் துடிப்பைத் தானே அளந்து பார்த்து, தேவையில்லை என்றால் மின்னதிர்ச்சி கொடுக்காது. தவறாகக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

ரத்தம் கொட்டினால் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிட்டதா என்று தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

[திரையில்: நெரிசலான நெடுஞ்சாலை, மேலிருந்து]

சாலையில் சைரன் கேட்டால் பதறி நடுவில் பிரேக் போடுவதும் தவறு, சிவப்பு விளக்கைத் தாண்டிப் பாய்வதும் தவறு. சிக்னல் போட்டு நிதானமாக ஓரம் கட்டினால் போதும். ஜெர்மனியில் ஒரு சட்டம் இருக்கிறது, எனக்கு அதன்மேல் பொறாமை. நெடுஞ்சாலையில் வண்டிகள் நடை வேகத்துக்குக் குறைந்த உடனேயே இடது ஓரத் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் பாதை விட வேண்டும். சைரன் கேட்ட பிறகு அல்ல, கேட்பதற்கு முன்பே! ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு இலவசமாகப் பறக்கும் ஆட்களை அங்கே ஒரு மாதம் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். இன்றைக்கு இருட்டிய பிறகு தெருவில் இறங்கி நின்று உங்கள் வீட்டு எண் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். இவ்வளவு தூரம் விரட்டிக்கொண்டு வரும் வண்டி, கடைசியில் ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எண்ணைத் தேடி நிற்கக் கூடாது. தெரிகிறது, தெரியவில்லை, எண்ணே இல்லை, இந்த மூன்றில் எது என்று கமெண்டில் போடுங்கள். எண்ணே இல்லை என்பவர்கள் பெயின்ட் அடித்துவிட்டு வந்து லைக் போடுங்கள்.