லிண்டோஸ்: அவசரமில்லாமல் ஒரு நாள்

[திரையில்: கடலில் இருந்து பார்க்கும் பாறை, உச்சியில் தூண்கள், அடிவாரத்தில் வெள்ளை வீடுகள்]

வணக்கம். கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவு, கிழக்குக் கரை. ரோட்ஸ் நகரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், கடலை ஒட்டிச் செங்குத்தாக எழும் இந்தப் பாறையின் உயரம் 116 மீட்டர். உச்சியில் அத்தீனா தேவியின் கோயில். அதைச் சுற்றி இடைக்காலக் கோட்டை மதில். கீழே லிண்டோஸ் ஊர்.

பெரும்பாலானவர்கள் பதினொரு மணி வாக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, உச்சி வெயிலில் மூச்சிரைக்க மேலே ஏறி, தூண்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். லிண்டோஸில் இருப்பதிலேயே அரிய சிற்பத்தை வழியிலேயே கடந்துவிடுகிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று முதலிலேயே வகுத்துக்கொண்டால் இந்த ஊர் முழுதாகக் கிடைக்கும்.

[திரையில்: தீவின் வரைபடம்]

முதலில் போய்ச் சேருவது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. துருக்கியின் மர்மாரிஸிலிருந்து ரோட்ஸுக்குப் படகு உண்டு. பக்கத்தில்தானே இருக்கிறது என்று துருக்கி விசாவை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பினால் கரையில் இறங்க விடமாட்டார்கள்.

விமான நிலையம் தீவின் மேற்குப் பக்கம், பரதீசி ஊரருகே, நகரத்திலிருந்து 14 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. லிண்டோஸ் இருப்பதோ கிழக்குப் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு பஸ் நிறுவனங்கள். அதனால் பஸ்ஸில் போகிறவர்கள் முதலில் ரோட்ஸ் நகரத்துக்கு வந்து, மந்த்ராகி துறைமுகத்தருகே புதுச் சந்தைப் பக்கம் லிண்டோஸ் பஸ்ஸுக்கு மாறுவதுதான் வழக்கமான வழி. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவே ஆகும். பருவத்துக்குப் பருவம் நேர அட்டவணை மாறும். முந்தின நாள் மாலையே பார்த்துவிடுங்கள்.

ஊருக்குள் கார் போகாது. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். இரவு தங்குவதாக இருந்தால் சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப்பை கொண்டுவாருங்கள். சந்துகள் ஏற்றமும் படியுமாக இருப்பதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும்.

[திரையில்: காலை வெளிச்சம், படி ஏறும் பாதை]

கோயிலும் கோட்டையும் உள்ள இந்தப் பாறை உச்சிக்கு அக்ரோபோலிஸ் என்று பெயர். கோடையில் அது காலை 8 மணிக்குத் திறக்கிறது. அந்த நேரத்துக்கே வாசலில் இருங்கள். டிக்கெட்டை அரசின் ஆன்லைன் தளத்தில் முன்கூட்டியே வாங்கிவிட்டால் வரிசை மிச்சம். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும்; குறுகலான படிகளில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொள்வார்கள். கடும் வெப்ப அலை வந்தால், நண்பகலிலிருந்து மாலை வரை தொல்லியல் இடங்களை அரசே மூடிவிடுவதும் உண்டு. அப்போது காலையில் போனவர்களுக்குத்தான் தரிசனம்.

பாதையில் கிடக்கும் கற்கள் நூற்றாண்டுகளாகக் கால் பட்டுப் பட்டு மழமழவென்று ஆகிவிட்டன. ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் வழுக்கும். ரப்பர் அடிப்பாகத்தில் வரி உள்ள ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். ஒருவருக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். உச்சியில் காற்று பலமாக வீசும், தொப்பிக்குக் கயிறு இருந்தால் நல்லது. சில விளிம்புகளில் கைப்பிடிச் சுவர் கிடையாது. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

ஊர்ச் சதுக்கத்தில் கழுதைச் சவாரிக்குக் கூப்பிடுவார்கள். நடந்தே போங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. கழுதையின் மேல் 100 கிலோவுக்கு மேல், அல்லது அதன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்று கிரேக்க அரசு 2018இல் விதி போட்டது. இந்தக் கணக்கில் பார்த்தால் பெரியவர்கள் பலருமே அதற்குப் பாரம்தான். அதோடு, கழுதை நுழைவாயில் பக்கம் வரைதான் போகும். செங்குத்தான படிகளை எப்படியும் நீங்களேதான் ஏற வேண்டும்.

[திரையில்: பாறையில் செதுக்கிய கப்பல், மிக அருகில்]

இங்கே நில்லுங்கள். உள்ளே நுழைந்ததும், பெரிய படிக்கட்டு தொடங்கும் இடத்தில் இடப்பக்கப் பாறையைப் பாருங்கள். ஒரு போர்க்கப்பலின் பின்பகுதி, மலைப்பாறையிலேயே புடைப்பாகச் செதுக்கியிருக்கிறது. மேல்நோக்கி வளையும் பின்முனை, சுக்கான் பிடிப்பவரின் இருக்கை, பக்கவாட்டில் தொங்கும் சுக்கான் துடுப்பு எல்லாம் தெரியும். காலம் ஏறத்தாழ கி.மு. 180. செதுக்கியவர் பிதோக்ரிதோஸ். ஹகேசாந்த்ரோஸ் என்பவருக்கு எடுத்த சிலைக்குக் கப்பலின் மேல்தளமே பீடம். சிலை இன்று இல்லை. பீடம் மட்டும் நிற்கிறது.

கப்பல்தான் இந்த ஊரின் செல்வம். கி.மு. 408இல் லிண்டோஸ், யாலிசோஸ், கமிரோஸ் என்ற மூன்று நகரங்களும் சேர்ந்து ரோட்ஸ் நகரத்தை உருவாக்கின. அதன் பிறகு அரசியல் அங்கே போய்விட்டது. அத்தீனாவின் வழிபாடு இங்கேயே தங்கியது. மரத்தால் ஆன பழைய போர்க்கப்பல்கள் அழிந்துவிட்டதால், அவை எப்படி இருந்தன என்று ஆராய்கிறவர்களுக்கு இந்தக் கல் முக்கியமான சான்று. ஐந்து நிமிடமாவது இங்கே செலவிடுங்கள்.

[திரையில்: நீண்ட தூண் மண்டபம்]

படியேறினால் செயின்ட் ஜான் நைட்ஸ் எனப்படும் போர்வீரத் துறவிகளின் கட்டடம். 1309 முதல் 1522 வரை, உஸ்மானியர்கள் பிடிக்கும்வரை, தீவு இவர்கள் கையில் இருந்தது. அதைத் தாண்டியதும் 87 மீட்டர் நீளமுள்ள தூண் மண்டபம். ஒரு காலத்தில் 42 தூண்கள் இருந்தன.

இன்று நிமிர்ந்து நிற்பவற்றில் பல தூண்கள், தீவு இத்தாலியர் ஆட்சியில் இருந்தபோது, 1938 முதல் 1940 வரை, மறுபடி நிறுத்தியவை. அந்த வேலையில் கான்கிரீட்டும் இரும்புக் கம்பியும் பயன்பட்டன. கடல் உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. துருவுக்கு இரும்பைவிடக் கூடுதல் இடம் வேண்டும்; உள்ளுக்குள் பருத்து, சுற்றியிருந்த கான்கிரீட்டையும் பழைய கல்லையும் சேர்த்தே பிளந்துவிட்டது. பிறகு கிரேக்கத் தொல்லியல் துறை அவற்றைப் பிரித்துச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. உற்றுப் பார்த்தால் புதுக்கல்லின் வெளிர் நிறம் பழைய கல்லிலிருந்து தனியாகத் தெரியும்.

அத்தீனா கோயில் பாறையின் கடைசி விளிம்பில் இருக்கிறது. பெரியது என்று நினைத்து வருகிறவர்களுக்கு வியப்பாக இருக்கும்: நீளம் ஏறத்தாழ 22 மீட்டர், அகலம் 8 மீட்டர், அவ்வளவுதான். ஆனால் இங்கே வந்த காணிக்கைகளின் பட்டியலைக் கேளுங்கள். கி.மு. 99இல் அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கிரேக்கப் புராணங்களில் வரும் ஹெலனும் ஹெராக்ளிஸும் கொடுத்ததாகச் சொல்லப்படும் பொருள்கள், எகிப்து மன்னன் அமாசிஸ் தந்த மார்புக் கவசம், பாரசீக மன்னன் தாரியஸை வென்ற அலெக்சாந்தரின் காணிக்கை என்று நீள்கிறது. பொருள்கள் பல அழிந்துபோனதால்தான் பெயர்களையாவது காப்பாற்ற நினைத்தார்கள். அந்தக் கல்லும் பிற்காலத்தில் ஒரு தேவாலயத்தின் தரைக்கல்லாகிவிட்டது. டென்மார்க் ஆய்வாளர்கள் 1904இல் அதைக் கண்டெடுத்தார்கள். இப்போது அது கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே அதைத் தேடாதீர்கள்.

[திரையில்: நிழல் விழுந்த சந்து, கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் தரை]

பத்தரைக்குள் இறங்கிவிட்டால் வெயில் நேரத்தை ஊருக்குள் கழிக்கலாம். சந்துகளில் நிழல் இருக்கும். கடைகளின் சரக்கை விட்டுவிட்டு வாசல்களைப் பாருங்கள். கடல் வாணிகத்தில் பணம் சேர்த்த கப்பல் தலைவர்களின் வீடுகள் இவை. கல் நிலைகளில் முறுக்கிய கயிறும் பறவைகளும் செதுக்கியிருக்கும். முற்றத்தில் கறுப்பு, வெள்ளைக் கூழாங்கற்களைச் செங்குத்தாகப் பதித்து வடிவம் போட்டிருப்பார்கள். பல வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கதவு திறந்திருந்தாலும் கேட்காமல் நுழையக்கூடாது. பனாகியா தேவாலயத்தின் சுவரோவியங்கள் 1779இல் சிமி தீவின் கிரிகோரி வரைந்தவை. தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள்.

சாப்பாட்டில் சைவர்கள் கவலைப்பட வேண்டாம். பிதரூதியா என்ற கொண்டைக்கடலை வடை ரோட்ஸின் சொந்தப் பலகாரம், நம் மசால்வடைக்கு உறவு. மீன் கேட்டால் மட்டும் கவனம்: கிலோக் கணக்கில் விலை போடுவார்கள். சமைப்பதற்கு முன்பே எடையைப் பார்த்து, மொத்த விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

[திரையில்: கிட்டத்தட்ட வட்டமான சிறு விரிகுடா]

பிற்பகல் குளிக்க, பாறையின் தெற்கே செயின்ட் பால் விரிகுடா. புனித பவுல் இங்கே கரையிறங்கினார் என்பது ஊர் மரபு. பாறைகள் ஏறக்குறைய முழுதாகச் சூழ்ந்திருப்பதால் அலை குறைவு. குழந்தைகளோடு மணலில் இருக்க வேண்டுமென்றால் வடக்கே பெரிய கடற்கரைதான் வசதி.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு. 2023 ஜூலையில் இந்தத் தீவில் காட்டுத்தீ பரவி, ஏறத்தாழ 19,000 பேரை வெளியேற்றினார்கள். தென்கிழக்குக் கரை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஆபத்து வந்தால் 112 அவசரச் செய்தி உங்கள் போனுக்கே வரும். ஒலியை அணைத்து வைக்காதீர்கள்; எந்தத் திசையில் போகச் சொல்கிறார்களோ அந்தத் திசையில் உடனே கிளம்புங்கள்.

திரும்பும் கடைசி பஸ்ஸை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கோடையில் அது நிரம்பிவிட்டால் அடுத்த வழி டாக்ஸிதான், ரோட்ஸ் நகரம் வரை. அதற்கு முந்தின பஸ்ஸுக்கே இருபது நிமிடம் முன்னதாகப் போய் வரிசையில் நில்லுங்கள்.