ஐந்தாவதில் சிக்கிய எண்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் பேனாவும் துண்டுக் காகிதமும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணை நிதானமாகச் சொல்கிறேன். நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பத்து இலக்கம்: 4294967297.

இது எங்கிருந்து வந்தது? 2-ஐ அதாலேயே பெருக்கினால் 4. அப்படியே தொடர்ந்தால் 16, 256, 65536. முதல் 2-லிருந்து ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். அடுத்தபடி வருவதுதான் நம் எண். இந்த வரிசையில் எல்லாமே பகா எண்தான் என்று 1640-ல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா கடிதங்களில் எழுதினார். நிரூபணம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

வகுத்துப் பார்ப்போமே. 7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் முடித்துவிடலாம். வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 297, 967, 294, 4. ஒன்றுவிட்டு ஒன்றைக் கூட்டுங்கள். 297-ம் 294-ம் 591. 967-ம் 4-ம் 971. வித்தியாசம் 380. அது ஏழிலும் போகாது, பதினொன்றிலும் போகாது, பதின்மூன்றிலும் போகாது. ஆகவே பெரிய எண்ணும் போகாது. மூன்றையும் பெருக்கினால் 1001, சூட்சுமம் அதில்தான். பலர் சறுக்குவது எங்கே தெரியுமா? கோடி, லட்சம் காற்புள்ளியிலேயே பிரித்துவிடுவார்கள். அங்கே இரண்டிரண்டு இலக்கம் வந்துவிடும், விடை கெட்டுவிடும். மும்மூன்று, மறக்காதீர்கள்.

இப்படியே போனால் 65536 வரை 6542 பகா எண்களைச் சோதிக்க வேண்டும். கணித மேதை ஆய்லர் 1732-ல், இது 641-ஆல் மீதியின்றி வகுபடும், பகா எண் இல்லை என்று சொன்னார். காரணத்தைப் பின்னர் எழுதினார். நம் எண்ணை மீதியின்றி வகுக்கும் பகா எண் எதுவானாலும், 64-ன் மடங்கோடு ஒன்று கூடியதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவதில் சிக்கிவிட்டது!

641-ஆல் வகுத்தால் கிடைப்பது 6700417. சரிபாருங்கள். 6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200. நாற்பதால் பெருக்கினால் 268016680. 6700417-ஐயே இன்னொரு தடவை சேர்த்து, மூன்றையும் கூட்டுங்கள். நம் எண் வந்துவிடும்.

எனக்கு அலுக்காத கதை ஒன்று. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பிறந்த ஸீரா கோல்பர்ன் என்ற சிறுவனை 1812 வாக்கில் லண்டனில் வைத்து இதே எண்ணைக் கேட்டார்கள். காகிதமே தொடாமல் 641 என்றான். இத்தகைய கணக்குக்கு அவன் வழி, கடைசி இரண்டு இலக்கம். 97-ல் முடிய எந்த இரண்டு முடிவுகளைப் பெருக்கலாம்? 41-ஐ 17-ஆல் பெருக்கினால் 697. 641-ம் 6700417-ம் முடிவதைப் பாருங்கள், 41, 17! ஆனால் இது ஆட்களைத் தேடும் தெரு மட்டும்தான். வீட்டை வகுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். அடுத்த எண்ணுக்கு இருபது இலக்கம். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்து வைத்த தானியக் கணக்கோடு இரண்டைக் கூட்டினால் அதுதான். 1880-ல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக் கணிதர் அதைக் காரணிகளாக உடைத்தார். சிறிய காரணி 274177. அதுவும் 64-ன் மடங்கோடு ஒன்றுதான், வகுத்துப் பாருங்கள். வணக்கம்.