குறிகட்டுவானுக்கு அப்பால்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவு என்றதும் எல்லோரும் அங்கே கட்டாக்காலியாய் மேயும் குதிரைகளைத்தான் கேட்பார்கள். குதிரைகளுக்கும் வருவேன். முதலில் படகைப் பற்றிப் பேச விடுங்கள். அந்தத் தீவில் மீனுக்குக் கிடைக்கும் விலை, பள்ளிக்கூடத்தில் பாடம் நடப்பது, இரவில் வருத்தம் வந்தவர் பிழைப்பது எல்லாமே படகின் கையில்தான் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து 776 இலக்க பஸ் எடுத்தால் பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று போய் குறிகட்டுவானில் இறக்கிவிடும். தார் றோட்டு அங்கே முடிகிறது. அதே இறங்குதுறையில் நயினாதீவுக்குப் போகும் அடியார்கள் ஒரு பக்கம் நிற்பார்கள். அவர்களுக்குக் கால் மணித்தியாலப் பயணம்தான். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், காற்றுக் கடுமையென்றால் அதற்கும் மேல்.

ஏறுவதற்கு முன் படகில் என்ன ஏறுகிறது என்று பாருங்கள். அரிசி மூட்டை, சீமெந்து, காஸ் சிலிண்டர், பாண், மோட்டார் சைக்கிள், ஐஸ் பெட்டி. தீவுக்குள் வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். காலைப் படகில் ஆசிரியர்கள் இருப்பார்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள் இருப்பார்கள். வேலை முடிந்ததும் திரும்பவும் இதே கடல். வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் அலை பக்கவாட்டில் அடிக்கும். வெளித்தட்டில் நின்ற என்னை ஒரு வயதான அம்மா கூப்பிட்டார். "பிள்ளை, உதில நிண்டா முழுக்க நனைஞ்சு போவாய். இஞ்சால வந்து குந்து." தன் கடகத்தை மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். உள்ளே டீசல் மணம், மேலே எஞ்சின் சத்தம். அவர் அதற்குள்ளேயே நித்திரையாகிவிட்டார்.

இந்த வழியில் ஓடும் படகுகளில் குமுதினியின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. 1985 மே 15 அன்று நடுக்கடலில் அந்தப் படகு மறிக்கப்பட்டு, குழந்தைகளும் பெண்களும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் நினைவுத்தூபி இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் உறவுகள் அங்கே கூடுகிறார்கள். அந்தப் படகு பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் இதே கடலில் ஓடியது. உறவைப் பறிகொடுத்தவர்களும் அதிலேயேதான் ஏறிப் போய்வந்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. 2017இல் நெடுந்தாரகை என்ற புதிய படகு சேவைக்கு வந்தபோது தீவு மக்கள் ஏன் அவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பதை இதை அறிந்தவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

சரி, மாவிலித்துறையில் இறங்கியாயிற்று. ஓட்டோக்காரர்கள் வழக்கமான சுற்றைச் சொல்வார்கள்: முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால், கட்டிய பழைய கோட்டை, பேபாப் என்று சொல்லப்படும் பெருக்குமரம், புறாக்கூடு, குதிரைகள் மேயும் வெளி. போங்கள், எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார், அவருடைய லாயத்தின் இடிபாடு இன்னும் நிற்கிறது. வீட்டுக்கு வீடு ஓடும் கல்வேலிகளை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கடல் தந்த முருகைக்கல்லைக் கையால் பொருத்திப் பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள். காற்று அதன் ஓட்டைகளுக்குள் புகுந்து போய்விடும், வேலி விழாது. இப்போது அது இடிந்த இடங்களில் கம்பிவலை வருகிறது. அடுக்கத் தெரிந்த கைகள் இருக்கும்போதே இளையவர்களுக்கு அந்த வேலையைப் பழக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் நான் உங்களைக் கூட்டிப்போக விரும்புவது கரைக்கு. விடியப்புறம் வள்ளங்கள் வந்தபின் நண்டு வலை கழற்றுவதைப் பாருங்கள். நீலக்கால் நண்டு தங்கூசி என்ற நைலோன் நரம்பு வலையில் தன்னைத்தானே சுற்றிச் சிக்கிக்கொண்டிருக்கும். இழுத்தால் கால் முறியும்; கால் முறிந்தால் விலை இறங்கும். ஒவ்வொரு கண்ணியாக, கொடுக்கு விரலைப் பிடிக்காமல், பெண்கள் விறுவிறுவென்று கழற்றிப் போடுவார்கள். கழற்றிய கையோடு தெரிவு, நிறுவை, பெட்டி. பிறகு எல்லோருடைய கண்ணும் படகுத் துறைக்குத்தான் போகும். படகு பிந்தினால் ஐஸ் கரையும், ஐஸ் கரைந்தால் மீன் சோரும், சோர்ந்த மீனுக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. யாழ் நகரக் கரையில், குருநகரிலோ பாசையூரிலோ மீன் பிடிப்பவருக்குச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. நெடுந்தீவாருக்கு அதே மீனைப் பிடித்த பிறகும் ஒரு கடல் மிச்சம்.

இன்னொரு இழப்பும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகுகள் இரவில் வலைகளை அறுத்துக்கொண்டு போவது. இலங்கையில் அடிமடி இழுவை, அதாவது கடலடியை வாரிக்கொண்டு போகும் வலை இழுப்பு, 2017இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. எல்லை தாண்டி வரும் இழுவை இன்னும் நிற்கவில்லை. கைதுச் செய்திகளில் "நெடுந்தீவு அருகே" என்று கேட்கிறோம். அந்த நெடுந்தீவில் கடனுக்கு வாங்கிய வலை ஒரே இரவில் காணாமல் போன குடும்பம் இருக்கிறது என்பதையும் இரு கரையிலும் உள்ள தமிழர்கள் சேர்த்துக் கேட்க வேண்டும். கடலின் அடியையே வழித்துக்கொண்டு போகும் மடிக்கு எதிராகப் பேசுவது இராமேஸ்வரத்துச் சிறுதொழில் மீனவருக்கும் நன்மைதான்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசி, பங்குனியில் போங்கள். கடல் அமைதியாக இருக்கும். வெயில் கடுமை, தொப்பி தேவை. நல்ல தண்ணீர் அங்கே அருமையானது. சாராப்பிட்டிப் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு, மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் உவர்தான். குடிதண்ணீரைக் கொண்டு போங்கள், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். காலையில் போய் அன்றே திரும்பினால் கோட்டையும் குதிரையும் பார்க்கலாம், நண்டு கழற்றுவதைப் பார்க்க முடியாது. ஆகவே ஓரிரவு தங்குங்கள். வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் இடத்தில் தங்கினால் காசு ஊருக்குள் போகும். பனங்கிழங்கு ஒடியல் மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் கேளுங்கள், அந்தத் தீவுப் பாலில் தோய்ந்த தயிரும் கேளுங்கள்.

இன்னொன்று, இதை நான் மன்றாட்டமாகவே கேட்கிறேன். விடுமுறை நாட்களில் சுற்றுலாவுக்கு வருவோர் முந்தி ஏறி இருக்கைகளை நிரப்பிவிட, கிளினிக் போய்த் திரும்பும் கர்ப்பிணிகள் நின்றுகொண்டு வருகிறார்கள். ஊர்ச்சனம் ஏறிய பிறகு ஏறுங்கள். இடமில்லையென்றால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். அதிகாரிகளிடமும் ஒரு கோரிக்கை: சுற்றுலாவுக்குத் தனிப் படகு விடுங்கள். மக்கள் படகு பழுதானால் அன்றைக்கே மாற்றுப் படகு ஓட வேண்டும். நோயாளரை ஏற்றும் படகு இரவும் பகலும் மாவிலித்துறையிலேயே, எரிபொருளோடும் ஓட்டியோடும் நிற்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.